கோபம் வராத அப்பாவுக்கு

அப்பா,

இன்று காலை ஆய்வகத்தில் புதிய பசை டப்பா ஒன்றைத் திறந்தேன். மூளை அலைகளைப் பதிவு செய்யும்போது எலக்ட்ரோடுகளைத் தலையில் ஒட்ட வைக்கிற வெள்ளைப் பசை. தினமும் கையில் படுவதால் அதற்கு ஒரு வாசனை உண்டு என்பதே மறந்துபோயிருக்கும். புது டப்பாவின் மூடியைத் திருகும்போது மட்டும் ஈரச் சுண்ணாம்பு மாதிரி சட்டென்று அடிக்கும். இந்த வேலையில் சேர்ந்த புதிதில், வீட்டுக்கு வந்த என் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னட்டி, வெள்ளையடிக்கப் போயிட்டு வாரியா?" என்று கேட்டீர்களே, அது நினைவுக்கு வந்தது. நாற்காலியில் ஒருவர் தலையைக் கொடுத்துக் காத்திருந்தார். கொஞ்சம் இருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. அம்மாவிடம் பேசினால் அழுவாள். என் வீட்டுக்காரரிடம் பேசினால், "அவருக்கு உடம்பு முடியாமல் இருந்தது, விடு" என்று நியாயமாகச் சொல்வார். நியாயமாகப் பேசுகிறவர்களிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

உங்கள் கோபம் நம் வீடு இருக்கிற விஷ்ராந்த்வாடியில் பிரசித்தம். திருநெல்வேலியிலிருந்து மாற்றலில் வந்து, ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்று, இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்ட பிறகும் அந்தக் கோபம் மட்டும் ஊர் மாறவில்லை. ரிக்‌ஷாக்காரர் மீட்டர் போட மறுத்தால் இந்தியில் ஆரம்பிப்பீர்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே இந்தி தீர்ந்துவிடும். மிச்சத்தை நம்மூர்த் தமிழில் கொட்டுவீர்கள். அவர் மராத்தியில் திருப்பிக் கொட்டுவார். கடைசியில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் சமாதானமாகப் போவீர்கள். தண்ணீர்த் தொட்டி கழுவாததற்குக் குடியிருப்பு சொசைட்டி கூட்டத்தில் நீங்கள் போட்ட சத்தத்தைப் பார்த்து, அடுத்த கூட்டத்தை உங்களுக்குச் சொல்லாமலே நடத்தினார்கள். அதற்கும் ஒரு சத்தம் போட்டீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் சொல்லவே வேண்டாம். நம் வீட்டில் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. முதல் கரண்டியை அம்மா போடுவாள். இரண்டாவதை நீங்கள் கேட்க வேண்டும். "புளி கூடிப்போச்சு, சவத்த விடு, இன்னும் ஒரு கரண்டி ஊத்து" என்று குறையும் சொல்லிக் கேட்கவும் கேட்பீர்கள். அப்படிக் கேட்டால்தான் அம்மா பாத்திரத்தைத் தூக்குவாள். நீங்கள் கேட்காத நாளில், பாத்திரத்தில் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் மூடி வைத்துவிடுவாள். அம்மாவுக்கு வாழ்க்கையில் கிடைத்த பாராட்டெல்லாம் அந்த இரண்டாவது கரண்டிதான்.

எனக்குக் கல்யாணமாகி ஊரின் இன்னொரு மூலையில் இருக்கிற சாங்விக்குப் போன பிறகு காலையில் உங்கள் போன் வரும். "ஏட்டி, எந்திச்சிட்டியா?" என்று தொடங்கி, பேப்பரில் படித்த ஏதோ ஒன்றின் மேலிருந்த எரிச்சலை என் தலையில் கொட்டிவிட்டுத்தான் காபி குடிக்கப் போவீர்கள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். நான் உம் கொட்டிக்கொண்டே துடைப்பேன்.

அப்புறம் அந்த அடைப்பு வந்தது. மூளையின் ஆழத்தில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் என்றார் டாக்டர். கைகால் திரும்பி வந்துவிட்டது. பேச்சு குழறவில்லை. எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்கள். பால்கனிப் பக்கம் இருந்த பிரம்பு நாற்காலியில் உங்களை உட்கார வைத்தோம். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

வருத்தமா என்றால் இல்லை என்றீர்கள். முகத்திலும் வருத்தம் இல்லை. நடக்கப் போகலாமா என்று கேட்டால், "போலாம்" என்பீர்கள். ஆனால் எழுந்திருக்க மாட்டீர்கள். கையைப் பிடித்துத் தூக்கிவிட்டால் தெருக்கோடிவரை நன்றாகவே நடப்பீர்கள். டி.வி.யை யாராவது பாதியில் அணைத்தால் அணைந்த டி.வி.யையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒருநாள் அம்மா பல் டாக்டரிடம் போய்விட்டு வரத் தாமதமாகிவிட்டது. சாயங்காலம் அவளும் நானும் ஒன்றாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தோம். உங்களுக்கு எதிரே மேஜையில் சோறும் கூட்டும் மூடியபடி அப்படியே இருந்தன.

"பசிக்கலையா?" என்று கேட்டேன்.

"பசிச்சுது."

"பெறவு ஏன் சாப்பிடல?"

யோசித்தீர்கள். நிஜமாகவே யோசித்தீர்கள். "தெரியல" என்றீர்கள்.

அம்மா தட்டில் சோற்றைப் போட்டுக் கையில் கொடுத்ததும் வேகவேகமாகச் சாப்பிட்டீர்கள். அவ்வளவு பசி. நான் அடுப்படிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

இதற்கு நாட்டமின்மை என்று பெயர், மனச்சோர்வு வேறு இது வேறு, மனசுக்குப் பிடிப்பது ஒன்று, அதைத் தேடிப் போவது இன்னொன்று, இந்த நோயில் இரண்டாவதுதான் அறுந்துபோகிறது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். நான் தலையாட்டினேன். அம்மாவும் தலையாட்டினாள். வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறியதும் சொன்னாள். "அவரு என்னமும் சொல்லட்டும். உங்கப்பாக்கு எம்மேல கோவம். அதான் வாயத் தொறக்கமாட்டுக்காவ. கேக்கட்டும், குடுக்கேன்."

அதன்பிறகு நீங்கள் கேட்பீர்கள் என்று அவள் காத்திருந்தாள். நீங்கள் முதல் கரண்டியோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

"அப்பாவுக்குக் கோபம் வந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டுக் கோயிலில் தேங்காய் உடைப்பேனே" என்று அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். என் வேலையைப் பற்றி உங்களுக்கு ஒரு நாள் விளக்கினேனே, ஞாபகம் இருக்கும். அடைப்புக்கெல்லாம் ரொம்ப முன்னால். சிக்னலில் நிற்கிற ரிக்‌ஷா நகராமல் ஒரே தாளத்தில் உறுமிக்கொண்டிருக்கிற மாதிரி, மூளையின் ஒரு பகுதி சும்மா இருக்கும்போது ஆல்ஃபா என்ற அலை பலமாக வரும், வேலை தொடங்கினால் அடங்கும் என்றேன். நெற்றிக்குப் பின்னே இடப்பக்கம் அது அடங்கினால் மனுஷன் எதையோ நோக்கிப் போகிறான், வலப்பக்கம் அடங்கினால் விலகுகிறான் என்று ஒரு கருத்து இருக்கிறது, எல்லோரும் ஒத்துக்கொண்டதில்லை என்றும் சொன்னேன்.

"எனக்குக் கோவம் வந்தா எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"சந்தோஷம் வந்தா?"

"அதுவும் அந்தப் பக்கந்தாம்ப்பா. கோவம்னா எதுத்துப் போறதுதான? விட்டுட்டு ஓடுறது இல்லையே."

நீங்கள் சிரித்துக்கொண்டு அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தீர்கள். "கேட்டியா, நான் உன்னைத் திட்டுததெல்லாம் பிரியத்துலதானாம். படிச்ச புள்ள சொல்லுதா." அம்மா உள்ளிருந்தே பதில் சொன்னாள். "மிஷினு என்ன வேணா சொல்லும். வாங்கிக் கட்டிக்கிடுதது நாந்தான?"

அம்மாவுக்கு அந்தப் பேச்சு மறந்துபோகவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்திருந்தபோது சாம்பாரை வாயில் வைத்த என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். உப்பே இல்லை. அம்மா அவருக்கு மட்டும் உப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீங்கள் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் அவள் என் காதருகே சொன்னாள். செவ்வாய்க்கிழமை உப்பை இரண்டு பங்காகப் போட்டாளாம். வியாழக்கிழமை ரசத்தில் புளியே கரைக்கவில்லையாம். தட்டைத் தள்ளிவிட்டு ஒரு சத்தம் போட மாட்டீர்களா என்று.

"எப்பிடி இருக்குங்க?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கு" என்றீர்கள்.

அம்மாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. எத்தனையோ நாள் உங்கள் சத்தத்துக்குப் பயந்து உப்பைச் சரிபார்த்தவள் அவள். அன்று போல் அவள் முகம் வாடி நான் பார்த்ததில்லை.

அதைப் பார்த்துத்தான் உங்கள் தலையில் எலக்ட்ரோடு வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆய்வகத்தில் நாங்கள் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். திரையில் வட்டம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், சரியாக அழுத்தினால் ஒரு மஞ்சள் நட்சத்திரம். நட்சத்திரத்துக்காகக் காத்திருக்கும்போது அலை எப்படி இருக்கிறது, கிடைத்த பிறகு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். நடுவில் சில படங்களும் காட்டுவோம். அந்தப் படங்களோடு அம்மாவின் படத்தையும் வைத்துவிட நினைத்தேன். அங்கே ஒரு சின்ன மாற்றம் தெரிந்தால் போதும், அம்மாவிடம் காட்டிவிடலாம். பார், உள்ளே நீ இருக்கிறாய் என்று.

எங்கள் ஆய்வகத் தலைவியான மேடத்திடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். பல பேருடைய பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு சாய்வு தெரியும், ஒரே ஒரு தலையை வைத்துக்கொண்டு இவருக்கு இன்னார்மேல் பிரியம் என்று சொல்ல முடியாது, இது உனக்கே தெரியும் என்றார். தெரியும் என்றேன். தெரிந்துமா என்றார். ஆமாம் என்றேன். சனிக்கிழமை கூட்டம் இருக்காது, அப்பாவை அழைத்து வா என்று பெருமூச்சு விட்டார்.

அம்மாவிடம் போனில் திரும்பத் திரும்பச் சொன்னேன். தலைக்கு எண்ணெய் மட்டும் வைக்காதே, ஷாம்பு போட்டு அலசிக் காயவைத்துக் கூட்டிக்கொண்டு வா. சரி சரி என்றாள்.

சனிக்கிழமை நீங்கள் வந்து இறங்கியபோது நெற்றியெல்லாம் பளபளவென்று இருந்தது. காதோரம் நல்லெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. "சனிக்கிழமைல்லா, எண்ணெ தேய்க்காம எப்பிடி? சீயக்கா போட்டுட்டேன்" என்று அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்தேன். பசையை அப்பினேன். ஒட்டியது வழுக்கியது, வழுக்கியது விழுந்தது. விழாமல் நின்ற இடங்களிலும் தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவே எண்ணெய் நின்றதால் அலை வரவில்லை. திரையில் எல்லாக் கோடுகளும் கரிக்கட்டையால் கிறுக்கியது போல் தடித்து ஓடின. மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, தலையை அலசிப் பார், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

கை கழுவும் தொட்டியில் உங்களைக் குனிய வைத்தோம். கீசரில் வெந்நீர் இருந்தது. அம்மா மக்கில் பிடித்து ஊற்ற, நான் ஷாம்பு போட்டேன். எனக்குக் கோபமான கோபம். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா" என்றேன்.

"வேணும்னுதான் வச்சேன்" என்றாள் அம்மா.

நுரைக் கையோடு அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தக் கோட்டுல எம்மேல வெறுப்புன்னு வந்துட்டா? வீட்டுல சந்தேகமாத்தான இருக்கு, அப்பிடியே இருந்துட்டுப் போட்டும். உறுதியாத் தெரிஞ்ச பெறவு நான் இவியளுக்கு எப்பிடிச் சோறு போடுவேன், சொல்லு."

தொட்டிக்குள்ளிருந்து உங்கள் குரல் வந்தது.

"வென்னி நல்லாருக்கு."

யாரும் கேட்காமல் நீங்களாகச் சொன்னது. அடைப்புக்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து தானாக வந்த வேறு வார்த்தை எனக்கு நினைவில்லை.

"நல்லாருந்தா இன்னும் ஊத்துன்னு கேக்கவேண்டியதான?" என்றாள் அம்மா. பழைய அதட்டல் அது. நீங்கள் கழுத்தைத் தளர்த்தித் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தீர்கள். மக்கைப் பிடித்தபடி அம்மா உங்கள் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேக்க முடியலம்மா அவங்களுக்கு" என்றேன். "கோவமும் இல்ல, வெறுப்பும் இல்ல. நல்லாருக்கறது நல்லாருக்குன்னு தெரியுது. கேக்கத்தான் வரல. நீ கேக்கட்டும்னு நிக்காத, ஊத்து."

ஊற்றினாள். எண்ணெய் போய், ஷாம்பு நுரை போய், வெறும் தண்ணீர் ஓடிய பிறகும் ஊற்றினாள். கீசரில் தண்ணீர் தீர்ந்து பச்சைத் தண்ணீர் வந்ததும்தான் நிறுத்தினாள். உங்கள் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். இன்னொரு நாள் வரலாமா என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்று ஓடிய தடித்த கோடுகளை, கெட்டுப்போன எல்லாப் பதிவுகளையும் அழிப்பது போல, திங்கட்கிழமை அழித்துவிட்டோம்.

அன்றிலிருந்து நீங்கள் கேட்காமலே அம்மா பரிமாறினாள். தட்டில் பாதி தீரும்போதே இரண்டாவது கரண்டி வந்துவிடும். "வாய்க்குள்ள போனா ரசிக்காவட்டி" என்று போனில் சந்தோஷமாகச் சொல்வாள். இது நல்ல முடிவு என்று யாராவது நினைக்கலாம். நானும் சில வாரம் நினைத்தேன்.

அப்புறம் ஒரு பயிற்சிக்காக நாக்பூர் போனேன். ஒரு மாதம் போல இருக்கும். தினமும் நான் கூப்பிடுவேன், அம்மா போனை உங்கள் காதில் வைப்பாள், "நல்லாருக்கேன்" என்பீர்கள். குரல் இதமாக இருக்கும். திரும்பி வந்து நேரே விஷ்ராந்த்வாடிக்குத்தான் வந்தேன். என்னைப் பார்த்ததும் உங்கள் முகம் மலர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே மலர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுப்படியில் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "என்னைக் கேட்டாங்களாம்மா?"

"கேக்காம? தெனம் கேட்டாவ. எங்க அவ, எங்க அவன்னு" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. கொத்தமல்லித் தழையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேல் போட்டாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

தன்னைத் தேடுவீர்களா என்ற கேள்வி அவளுக்கு மட்டும் இல்லாமலா இருக்கும்? கையில் வைத்தால் ரசிக்கிறவருக்கு, வைக்கிற கை நாளைக்கு இல்லாமல் போனால் தேடத் தெரியுமா என்று அவள் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். மழைக்காலத்தில் இரண்டாவது அடைப்பு வந்தது. இந்தத் தடவை அது எதையும் விட்டுவைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் கையை அம்மாவும் நானும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீங்கள் யாரையும் கேட்காமல் போய்விட்டீர்கள்.

இப்போதும் உங்களைப் போன்றவர்களை அழைத்துக்கொண்டு பெண்கள் வருகிறார்கள். "இவருக்கு என் மேல் கோபம்" என்றுதான் பாதிப் பேர் ஆரம்பிக்கிறார்கள். இந்தியிலும் என் ஓட்டை மராத்தியிலும் சொல்கிறேன். அது கோபமில்லை, காத்திருக்காதீர்கள், எடுத்துக் கையில் கொடுங்கள் என்று. அவர்கள் கொஞ்சம் தெம்பாகத் திரும்பிப் போகிறார்கள். நான் மட்டும் தெம்பாகத் திரும்புவதில்லை. உங்களுக்கு நான் வேண்டியவளாகவே இருந்தேன், கூப்பிடும் வழிதான் அடைபட்டுப்போயிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது மூளைக்குப் புரிகிறது. காலையில் பால் வைக்கும்போது புரிவதில்லை.

போன வாரம் உங்கள் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அம்மா அலமாரியைத் திறந்தாள். நான் போய்க் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டேன். கண்ணாடி அதிர்ந்தது.

"யாரு மேலட்டி இம்புட்டுக் கோவம்?"

"அப்பா மேலதான்."

"போன மனுசர் மேலயா?"

"ஆமா. ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரே ஒரு நாள்."

உங்களால் முடியாது என்று எனக்கே விளக்குவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா விளக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, கையிலிருந்த சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும், வச்சுக்கோ" என்றாள். "அவியளுக்குத்தான் கோவம் வராமப் போச்சு. அவியளுக்கும் சேத்து நீ வச்சுக்கோ."

வைத்திருக்கிறேன், அப்பா.